கறை என்று எழுதியது நான்தான்

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. கலை மற்றும் அருங்காட்சியகச் சட்டத்தில் சிறப்புத் தகுதி பெற்றவள் என்று என் பெயருக்குக் கீழே அச்சிட்டிருக்கிறது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் வக்கீல்கள் மூன்று பேர். செக் கேஸ், விபத்துக் கேஸ், பாகப்பிரிவினை என்று மூவரும் நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் இந்தத் தகுதி என் ஒருத்திக்குத்தான். தற்பெருமை என்றால் தற்பெருமைதான். இரண்டு வருடம் ஊர்ப்பட்ட கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். கொஞ்சம் பீற்றிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

கேலியைத் தொடங்கிவைத்தவர் நான் ஜூனியராக இருந்த வக்கீல். மேற்படிப்புக்குச் சேரப்போகிறேன் என்றபோது சந்தோஷப்பட்டார். என்ன பாடம் என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சாமி செல காணாம போனா போலீசு இருக்குது. படம் கிழிஞ்சா ஒட்டறதுக்கு ஆளு இருக்கான். நடுவுல வக்கீலுக்கு என்னாம்மா வேல?"

பெரியம்மா இன்னும் ஒரு படி மேலே போனார். மியூசியத்தில் பஞ்சு அடைத்து நிறுத்தியிருக்கும் புலிக்காகவும் வாதாடுவாயா என்று ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டார். பந்தியே சிரித்தது. புலி வந்து கேட்டால் வாதாடுவேன், பெரியம்மா வந்து கேட்டால் மாட்டேன் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

அப்படி ஒன்றும் புரியாத சட்டம் இல்லை அது. ஒரு பொருள் யாருடையது, அருங்காட்சியகத்துக்குள் எப்படி வந்தது, யார் அதைத் தொடலாம், இரவல் போகும் சிலைக்கு வழியில் கை உடைந்தால் யார் பொறுப்பு, திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரிந்தால் யாரிடம் திருப்பிக் கொடுப்பது, வரைந்தவனின் பெயரை மறைத்தால் அவன் என்ன கேட்கலாம். இவ்வளவுதான். நான் கோர்ட்டில் பார்த்த வழக்குகளில் எல்லாம் பொருளுக்காக மனிதர்கள் அடித்துக்கொண்டார்கள். அந்த அடிதடியில் பொருளுக்கு என்ன ஆகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்த வகுப்பில் கேட்டார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். ஒருவர் லீவு போட்டால் பேராசிரியைக்கு உடனே தெரிந்துவிடும்.

கடைசிப் பருவத்தில் பரீட்சைக்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஒரு அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு முழுக் கோப்பு தயாரிக்க வேண்டும். அது யாருக்குச் சொந்தம், இப்போது என்ன நிலையில் இருக்கிறது, இனி எப்படி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பும் அதன்மேல் நடக்கும் நேர்முகத் தேர்வும்தான் தகுதியை முடிவுசெய்யும்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு சரஸ்வதி படம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் சின்ன அருங்காட்சியகத்தில் அது இருந்தது. ஒரு கதவளவு உயரம். வழக்கமான சரஸ்வதி இல்லை. கையில் வீணை கிடையாது. ஒரு கையில் தறியில் ஓடும் நாடா, இன்னொரு கையில் நூல் கண்டு. பின்னால் வரிசையாகத் தறிகள், அதற்கும் பின்னால் மில்லின் புகைபோக்கி. மில்லில் நெய்த துணியிலேயே, சாயப் பிரிவில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி வரைந்தது. வருடாவருடம் ஆயுத பூஜைக்கு நெசவுப் பிரிவின் நடுவில் அதை நிறுத்திப் பொரி கடலை வைத்துக் கும்பிடுவார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அப்பா அந்த மில்லில் தறி ஓட்டியவர். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மில்லை மூடினார்கள். சாமான்களை ஏலம் விடப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், இரும்போடு இரும்பாகப் படமும் போய்விடுமே என்று அப்பாவும் கூட இருந்த மூன்று பேரும் பயந்தார்கள். தொழிலாளர்கள் சேர்ந்து காசு போட்டு வரைய வைத்த படம் அது, மில் நிர்வாகம் அதற்கு உரிமை கொண்டாடியதே இல்லை. மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, போர்வை போட்டு மூடி, அருங்காட்சியகத்துக்கு மிதித்துக் கொண்டுபோனார்கள். அப்போது அங்கே காப்பாளராக இருந்தவர், உங்களுக்கென்று ஓர் இடம் அமையும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றாராம். அவர் இப்போது உயிரோடு இல்லை. அப்பா சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டியாக இருக்கிறார்.

"அப்ப ரசீது எதுனா குடுத்தாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ரசீதா? வெயில்ல மிதிச்சிகினு போனோம்னு ஆளுக்கு ஒரு டீ குடுத்தாங்க."

அருங்காட்சியகத்தின் பொருள் பதிவேட்டைப் பார்த்தேன். முதல் பக்கங்கள் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில், கடைசியில் தமிழில் எழுதிய கனமான நோட்டு. சரஸ்வதி படத்துக்கு எதிரே அளவு இருந்தது, நிறம் இருந்தது, 'ஓவியர் தெரியவில்லை' என்று இருந்தது. 'வந்த வகை' என்ற கட்டம் காலி. அப்படிக் காலியாக விட்ட பொருட்கள் நிறைய. அறக்கட்டளை பதிவேட்டைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தது. காலிக் கட்டங்களில் எல்லாம் 'நன்கொடை' என்று போட்டுவிடலாம் என்பது அவர்கள் யோசனை. நன்கொடை என்று ஆகிவிட்டால் படம் அறக்கட்டளைக்குச் சொந்தம். வெளியூர்க் காட்சியகம் ஒன்று சரஸ்வதியை நிரந்தரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சொந்தம் என்று ஆன மறுநாளே படம் லாரி ஏறிவிடும். என் கோப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்று அறக்கட்டளையின் செயலாளர் என்னிடமே சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படிக்கும்போதே என் எழுத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். கோப்பின் முதல் பக்கத்திலேயே, படத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரின் மகள் நான் என்று எழுதிவிட்டேன். அது சரி. ஆனால் எழுதிய நிமிடத்திலிருந்து, நான் மில்காரர் மகள் என்பதால் சார்பாக எழுதிவிட்டேன் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்கிற வெறி பிடித்துக்கொண்டது. நீதிபதியைவிட நீதிபதியாக நடந்துகொண்டேன். அப்பாவிடம் கேட்டது அந்த ஒரே கேள்விதான், ரசீது இருக்கிறதா என்று. மற்ற மூவரிடம் அதையும் கேட்கவில்லை. தாள் இல்லையா, அப்படியானால் இரவல் இல்லை. முடிவுரையில் இப்படி எழுதினேன்: 'இரவல் என்று காட்ட ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. பொருளை ஒப்படைத்த பிறகு கொடுத்தவர்கள் உரிமை கோரியதாகத் தெரியவில்லை. நன்கொடை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.'

நிலை அறிக்கையிலும் அதே மிடுக்குதான். ஒரு பொருளில் எங்கே கீறல், எங்கே பூச்சி அரிப்பு என்று தலை முதல் கால் வரை பார்த்து எழுதுவதுதான் நிலை அறிக்கை. கையுறை போட்டுக்கொண்டு, டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக மூன்று நாள் அந்தப் படத்தைப் பார்த்தேன். படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தபோது பின்பக்கத்துக் கீழ்க்கட்டையில் வரிசையாக மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுகள். சந்தனமும் குங்குமமும்தான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, தெரியாமல் என்ன. ஆபீஸ் பூஜை முடிந்து யாரோ ஊழியர்கள் வருடக்கணக்காக விரலை அந்தக் கட்டையில் துடைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. 'கீழ்க்கட்டையில் பதினேழு கறைகள். கவனக்குறைவால் ஏற்பட்டவை. உடனே அகற்றப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதி, ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் படமும் எடுத்தேன். அறிக்கையின் ஒரு பிரதியைக் கல்லூரியிலும் இன்னொன்றை அருங்காட்சியகத்திலும் ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்தேன். பேராசிரியை புரட்டிப் பார்த்துவிட்டு, மிகக் கச்சிதமாக இருக்கிறது என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டியில் பாட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை, நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்வதற்காக அறிக்கையின் புகைப்படங்களைக் கூடத்துத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, படங்களை மிதிக்காமல் தாண்டப் போனவர் நின்றுவிட்டார்.

"இது என்னா பாப்பா, நம்ம படத்தோட கீழ்க்கட்டையா?"

"ஆமாப்பா. பாரு, எவனோ பூச முடிஞ்சி கையத் தொடச்சி வச்சிருக்கான். வரிசையா."

அப்பா குனிந்து பார்த்தார். சிரித்தார்.

"எவனோ இல்ல, நாங்கதான். அது தொடச்சது இல்ல, வச்சது. வருசா வருசம் ஆயுத பூசைக்குப் போறோமே. படத்துக்கு முன்னால கை வைக்கக் கூடாதுன்னு அப்பவே அந்த ஐயா சொல்லிட்டாரு. அதான் பின்னால கட்டையில ஒண்ணு வச்சிட்டு வந்துடுவோம். நம்ம பொருளாச்சே, பொட்டு வைக்காம எப்படி விடறது?"

ஆயுத பூஜை அன்று காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மில் ஆளுங்களோட போயிட்டு வரேன் என்று கிளம்புவது எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். எங்கே போகிறார் என்று ஒரு வருடம்கூட நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் நான் வீட்டில் என் புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பேன்.

புகைப்படத்தில் விரலை வரிசையின் மேல் ஓட்டினேன். பதின்மூன்று பொட்டு. பிறகு ஒரு பொட்டு அளவுக்கு வெறும் கட்டை. அதற்கப்புறம் நான்கு.

"இங்க மட்டும் ஏம்ப்பா விட்டுருக்கு?"

"அது கொரோனா வருசம். போனோம், உள்ளார விடல. அந்த வருசத்துக்கு உண்டான எடத்த அடுத்த வருசம் விட்டுட்டு வச்சோம்."

"இத ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீ ரசீது கேட்ட, இல்லன்னு சொன்னேன். இத நீ எங்க கேட்ட?"

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "ரெண்டு வருசம் படிச்சிட்டு குங்குமத்தக் கறைன்னு எழுதியிருக்கா" என்றாள். பெரியம்மாவுக்கு இது தெரிந்தால் என் கதி என்ன என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியதுதான் முக்கியம். ஆயுத பூஜைக்கு நம் வண்டிக்குப் பொட்டு வைப்போம், நம் தையல் மிஷினுக்கு வைப்போம், அரிவாள்மனைக்கு வைப்போம். அடுத்தவன் வண்டிக்கு யாரும் கேட்காமல் போய்ப் பொட்டு வைப்பதில்லை. கொடுத்தவர்கள் உரிமை கோரவில்லை என்று நான் எழுதியிருந்தேன். வருடம் தவறாமல் கோரியிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையைத்தான் நான் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, கறை என்று பேர் வைத்து, அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

"நாலு பேரு போய்ப் பொட்டு வச்சோம்னு நீங்களே சொன்னா யாருப்பா நம்புவா?" என்றேன்.

அப்பாவுக்கு இது கேள்வியாகவே படவில்லை. "வாசல் கேட்டுல நோட்டு இருக்குமே. லீவு நாள்ல நோட்டுல எழுதாம எந்த செக்யூரிட்டி உள்ளார விடுவான்? நான் விடுவனா?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

திங்கட்கிழமை காலை அருங்காட்சியகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். அப்படியும் தாமதமாகிவிட்டது. படங்களைப் பழுது பார்க்கும் பெண் என் அறிக்கையைப் படித்துவிட்டுச் சனிக்கிழமையே வந்து வேலையைத் தொடங்கியிருந்தார். சோதனைக்காக முதல் கறையை மட்டும் பஞ்சால் துடைத்துப் பார்த்தாராம். இடது ஓரத்தில் கட்டை வெளுத்துக் கிடந்தது. மில் மூடிய வருடத்துப் பொட்டு அது.

"நீங்க எழுதினதுதானே?" என்று என் அறிக்கையின் பக்கத்தையே எனக்குக் காட்டினார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. மற்றதைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கேட்டு நோட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

அப்படி ஒன்றை அதுவரை அங்கே யாரும் கேட்டதில்லை. மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. வக்கீல்கள் பதிவேட்டைத் தேடுவார்கள். ஒரு செக்யூரிட்டி மகள்தான் கேட்டு நோட்டைத் தேடுவாள். இரண்டு நாள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சிலவற்றைக் கரையான் தின்றிருந்தது. மிச்சம் இருந்த எல்லா நோட்டிலும், ஆயுத பூஜை தேதிக்கு நேரே, ஆளுக்கு ஆள் மாறிய கையெழுத்தில் ஒரே செய்தி. 'மில் ஆளுங்க 4 பேர். பூஜை. 10 நிமிஷம்.' ஊரடங்கு வருட நோட்டைப் பயந்துகொண்டே திறந்தேன். 'மில் ஆளுங்க 4 பேர் வந்தாங்க. உள்ள விடல.' அந்த ஒற்றை வரியைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் எந்தப் பரீட்சை முடிவுக்கும் வந்ததில்லை. கட்டையில் இருந்த இடைவெளியும் நோட்டில் இருந்த வரியும் அப்படியே பொருந்தின.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பேராசிரியையிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு விதியைச் சொன்னார். கொடுத்த அறிக்கையைத் திரும்பப் பெற முடியாது. திருத்தம் எழுதி இணைக்கலாம். அப்படி இணைத்தால், யாருக்குச் சொந்தம் என்பதிலும் தவறிவிட்டேன், நிலை அறிக்கையிலும் தவறிவிட்டேன் என்று நானே தேர்வாளரிடம் எழுதிக் கொடுத்தது போலாகும்.

"பழைய அறிக்கை அப்படியே நின்னா நீ பாஸ், நல்ல மார்க்கும் வரும். திருத்தம் குடுத்தா அவரு என்ன பண்ணுவாருன்னு என்னால சொல்ல முடியாது. சிறப்புத் தகுதியே கிடைக்காம போகலாம்" என்றார்.

அந்த நிமிடமே திருத்தத்தை எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது பொய். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இரண்டு வருடப் படிப்பு, இந்த ஊர் முழுக்க வாங்கிய கேலி, எல்லாவற்றையும் யோசித்தேன். தகுதியை வாங்கிக்கொண்டு, பிறகு வேறு வழியில் படத்தை மீட்டுக் கொடுக்கலாமே என்றுகூடப் போயிற்று புத்தி. அதற்குள் படம் லாரி ஏறியிருக்கும் என்பது எனக்கே தெரியும். அன்று சாயந்திரம் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, டார்ச்சில் பேட்டரி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, "என்னா பாப்பா, கேட்டு நோட்டு கெடைச்சிதா?" என்று சாதாரணமாகக் கேட்டார். கிடைத்தது என்றேன். "எழுதியிருந்தானுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அதான் சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவருக்கு அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது. நோட்டில் இருக்கிறது, மகள் பார்த்துவிட்டாள், இனி என்ன. நான் உள்ளே வந்து திருத்தத்தின் முதல் வரியை எழுதினேன். 'என் அறிக்கையில் கறை என்று குறிப்பிட்டவை கறை அல்ல.'

நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் வெளியூர் மூத்த வழக்கறிஞர். மெலிந்த மனிதர், கண்ணாடிக்கு மேலே பார்த்துத்தான் பேசினார். அறக்கட்டளையின் செயலாளரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் என் இரண்டு காகிதக் கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இதுல எதை நான் நம்பணும்?"

"ரெண்டாவதை, சார்."

"உங்க அப்பாவுக்காக மாத்திட்டீங்களா?"

"இல்ல சார். அப்பாவுக்காக எழுதிட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான் மொதல்ல தப்பா எழுதினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரவல் கொடுத்தவன் திருப்பிக் கேட்கவே இல்லையே, இத்தனை வருடத்தில் அவன் உரிமை போயிருக்காதா என்றார். கேட்டு, தர மாட்டேன் என்று மறுத்த நாளிலிருந்துதான் கெடு ஓடும் என்றேன். இவர்கள் கேட்கவும் இல்லை, அவர்கள் மறுக்கவும் இல்லை. வருடாவருடம் வந்து தங்கள் பொருளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், அருங்காட்சியகம் கதவைத் திறந்துவிட்டது. இரவல் என்பதை இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டேன். கேட்ட தொனி கொஞ்சம் அதிகம்தான். பேராசிரியை இருமினார்.

"அழிஞ்சுபோன அந்த முதல் பொட்டு. அதுக்கு யார் பொறுப்பு?"

"நான்தான், சார். அது இருந்ததுக்கு இருக்கிற ஒரே ஆதாரமும் நான் எடுத்த படம்தான்."

அதை அவர் எழுதிக்கொண்டார். வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தகுதி போயிற்று என்றே முடிவு செய்து, வீட்டில் எப்படிச் சொல்வது என்று வரிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது பேராசிரியை வந்தார். நிலை அறிக்கைக்கு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார், அதில் தப்பில்லை என்றார். பிறகு, திருத்தம்தான் உண்மையான கோப்பு என்று தேர்வாளர் குறிப்பு எழுதியிருக்கிறார், நீ தேறிவிட்டாய் என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

அறக்கட்டளை, 'வந்த வகை' கட்டத்தில் 'இரவல்' என்று எழுதியது. படம் இங்கேயே இருக்கட்டும், பத்திரமாக இருக்கிறது என்று மில் ஆட்கள் நால்வரும் சொன்னார்கள். முறையாக ஒப்பந்தம் போட வேண்டும், நீங்களே எழுதுங்கள் என்றார் செயலாளர். நான் எழுதிய முதல் ஒப்பந்தம் அது. பொட்டு விஷயத்தில் பழுது பார்க்கும் பெண்ணோடு இரண்டு நாள் சண்டை. ஈரச் சந்தனம் கட்டையைக் கெடுக்கும், பூச்சி வரும் என்றார். அவர் சொன்னதும் நியாயம். கடைசியில், பழைய பொட்டுகளை அப்படியே விட்டுவிடுவது, இனி வைப்பதற்குக் கீழ்க்கட்டையோடு ஒரு மெல்லிய மரப்பட்டையைப் பொருத்திக்கொள்வது என்று முடிவாயிற்று. பன்னிரண்டாவது பிரிவை இப்படி எழுதினேன்: 'ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுத பூஜை நாளில், உரிமையாளர்கள் படத்தின் பின்புறப் பட்டையில் பொட்டு வைக்கலாம். அது சேதமாகக் கருதப்படாது.' அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஈடாக நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. படத்துக்குப் பக்கத்தில் இருந்த அட்டையையும் மாற்றினார்கள். ஓவியர் தெரியவில்லை என்று இருந்த இடத்தில் சாயப் பிரிவுத் தொழிலாளி என்று போட்டு, அப்பாவும் மற்றவர்களும் நினைவிலிருந்து சொன்ன அவருடைய பெயரையும் போட்டார்கள்.

போன ஆயுத பூஜைக்கு நானும் அவர்களோடு போனேன். அப்பா வெள்ளைச் சட்டை, நான் வக்கீல் கோட்டு. வேண்டுமென்றேதான் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் செக்யூரிட்டி எங்களை எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'மில் ஆளுங்க 4 பேர், வக்கீல் 1. பூஜை. 10 நிமிஷம்.' உள்ளே அப்பா புதுப் பட்டையில் பொட்டு வைத்துவிட்டு, பக்கத்தில் வெளுத்துக் கிடந்த முதல் இடத்தைத் தடவிப் பார்த்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. "போட்டோவுலதான் இருக்குதே, வா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டப் போனார்.

போன வாரம் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழை ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. நாற்காலி போட்டு ஏறி, டிவிக்கு மேலிருந்து கழற்றி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அட்டையைப் பிரிப்பதற்காகப் பின்பக்கம் திருப்பினேன். சட்டத்தின் கீழ்க்கட்டையில், இடது ஓரத்தில், சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்த சின்னப் பொட்டு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. வலது பக்கம் முழுக்க இடம் விட்டிருந்தார் அப்பா.